பெயர் தெரியாத வீரர்கள்



ரோப் காரில் மலை ஏறி, பனியில் சறுக்கி இறங்குகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ரோப் காரே இல்லாத மலைக்குத் தேடிப் போய்ச் சறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறது மவுண்ட் வாஷிங்டன். உயரம் 1,917 மீட்டர்தான். ஆனால் அங்கே வீசும் காற்று பொல்லாதது! 1934 ஏப்ரல் 12 அன்று உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. 1996-ல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் அடித்த புயல் முந்தும்வரை அதுதான் உலகச் சாதனை.

இந்தக் காற்று உச்சியில் உள்ள பனியை வாரி வந்து, மலையின் ஒரு பக்கத்தில் உள்ள டக்கர்மேன் பள்ளத்தில் கொட்டுகிறது. பழங்காலத்துப் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளம் அது. பாதியாக வெட்டிய கிண்ணம்போல இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சறுக்குப் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பிறகு பனிச்சுவரில் பூட்ஸ் முனையால் உதைத்து உதைத்துப் படி செய்து ஏறுகிறார்கள். உங்கள் கோணமானியில் 45 பாகையைப் பாருங்கள். சுவரின் சில இடங்கள் அதைவிடச் செங்குத்து!

டோனி மாட் என்ற 19 வயது ஆஸ்திரிய இளைஞரின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1939-ல் நடந்த 'இன்ஃபெர்னோ' போட்டியில், வளைந்து வளைந்து இறங்க வேண்டிய சுவரில் அவர் நேராகப் பாய்ந்தார். உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு 6 நிமிடம் 29 விநாடி! 1934-ல் பதிவான நேரம் 12 நிமிடத்துக்கும் மேல். பெரிய சாதனைதான். ஆனால் நேராகப் பாய அவர் திட்டமிடவே இல்லை. சுவரின் விளிம்பு எங்கே என்று தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். எனக்கு அந்தக் கதையைவிட வேறு சிலரைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை.

காற்று குவித்த பனி, அடியில் உள்ள பலமில்லாத பனியின்மேல் பாளமாக உட்கார்ந்திருக்கும். ஒருவர் கால் வைத்தால்கூடப் போதும், பாளம் உடைந்து மொத்தமாகச் சரியும். மனிதர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்டவைதான். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீழேயிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. நண்பர்கள்தான் தோண்ட வேண்டும். அதனால்தான் ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி எல்லாம் கொண்டு போகிறார்கள். வேடிக்கை பார்க்கிறவருக்கும் ஆபத்து உண்டு. 'லஞ்ச் ராக்ஸ்' என்ற பாறைகளில் உட்கார்ந்து சாப்பிடும்போது, வெயிலில் இளகிய பனிக்கட்டிகள் மேலேயிருந்து உருண்டு வரும்!

பனிக்காலத்தில் அங்குள்ள வனத்துறையின் பனிச்சரிவு மையம் அபாய அறிக்கை வெளியிடுகிறது. அதில் ஐந்து படிகள். முதல் படியின் பெயர் 'குறைவு'. 'ஆபத்தே இல்லை' என்ற படி கிடையாது.

காலையில் அதைப் படித்து, ஏறும்போதே பனியை உதைத்துப் பார்த்து, "இன்று வேண்டாம்" என்று திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது லேசான காரியமா? அவ்வளவு தூரம் சுமந்து வந்தாயிற்று. பக்கத்திலேயே நாலு பேர் உற்சாகமாகச் சறுக்குகிறார்கள். "பயமா?" என்று கேலி வேறு. பதில் பேசாமல் பலகையை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்து இறங்குகிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பனி நன்றாக இருக்கும் இன்னொரு நாளில் திரும்பவும் வந்துவிடுகிறார்கள்!