பட்டமும் பதவியும்: கிள்ளை, சிதம்பரம் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்புறு முனைவர் பட்டம் என்பது தேர்வும் ஆய்வேடும் இல்லாமல், ஒருவர் சமூகத்துக்கோ கலைக்கோ அறிவுக்கோ செய்த பணியைப் பாராட்டிப் பல்கலைக்கழகம் வழங்குவது. பல்கலைக்கழக அவைகள் தீர்மானம் போடும். வேந்தர் ஒப்புதல் தருவார். தமிழகத்தின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநரே வேந்தர். நிதியும் நியமனமும் அதிகாரத்தில் இருப்பவர்கள் கையில் இருப்பதால், பட்டத்துக்குள் அரசியல் எளிதில் நுழைகிறது.

அதன் விலையைச் சிதம்பரம் அறியும். 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதல்வர் மு. கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். காவல்துறை தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவர் வளாகக் குளத்தில் பிணமாகக் கிடந்தார். அவர் சாவு பற்றிய சர்ச்சை அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. கருணாநிதியின் எழுத்துப்பணியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பட்டம் வந்தபோது அவர் ஆட்சியில் இருந்தார். எழுத்துக்கா, நாற்காலிக்கா என்ற கேள்வி அதனாலேயே எழுந்தது.

இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டுமல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் எம்.ஜி.ஆருக்கும் 1991இல் ஜெயலலிதாவுக்கும் அவர்கள் முதல்வராக இருந்தபோதே பட்டம் தந்தது. 2009இல் துணை முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழங்கியது.

மறுப்பிலும் அரசியல் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவுக்குப் பட்டம் வழங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2023இல் தீர்மானித்தது. ஆளுநர் ஆர்.என். ரவி கையெழுத்திடவில்லை. அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி பட்டமளிப்பு விழாவைப் புறக்கணித்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே, நூறு வயதைக் கடந்திருந்த சங்கரய்யா காலமானார்.

பட்டமானாலும் விருதானாலும், பெறுபவரின் நடத்தையும் அதன் மதிப்பைக் கூட்டும். 2021இல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதுடன் வந்த 10 லட்சம் ரூபாயைச் சங்கரய்யா கொரோனா நிவாரண நிதிக்கே தந்தார். அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்ற பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு அதே தொகையுடன் தன் பணம் 5,000 ரூபாயையும் சேர்த்து அரசிடம் ஒப்படைத்தார். எழுத்தாளர் ஜெயமோகன் 2016இல் பத்மஸ்ரீயை ஏற்க மறுத்தார்.

பட்டங்களுக்குச் சட்ட வரம்பும் உண்டு. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்த்த பட்டங்களை அரசு வழங்குவதைத் தடை செய்கிறது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டம்போலப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இவற்றைக் கருதி, கிள்ளை, சிதம்பரம் வட்டாரப் பொதுமக்கள் முன் வைக்கப்படும் வேண்டுகோள்கள்:

1. பதவியில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கக் கூடாது என்று எல்லாக் கட்சிகளிடமும் ஒன்றுபோல வலியுறுத்த வேண்டும்.

2. பட்டத்துக்கான காரணத்தையும், மறுத்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்க வேண்டும்.

3. மதிப்புறு பட்டத்தை வைத்துச் சுவரொட்டியிலும் அழைப்பிதழிலும் 'டாக்டர்' என்று அச்சிடுவதை ஊரார் கைவிட வேண்டும்.

4. பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். பிச்சாவரத்தில் அழிந்த சுரபுன்னைக் காட்டை வாய்க்கால் வெட்டி மீட்க உழைத்தவர்களில் இவ்வட்டார இருளர்களும் மீனவர்களும் உண்டு. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தக் காடு பல குடியிருப்புகளுக்கு அரணாக நின்றது. அப்படி உழைத்தவர்களின் பெயர்களை ஊர்கூடிப் பேசி, பணியை ஆதாரத்துடன் எழுதி அனுப்ப வேண்டும்.