நுண்செயலியை மாற்றினால் மடிக்கணினி விரையுமா?

பழைய மடிக்கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதும், அதன் நுண்செயலியை மாற்றிவிட்டால் புதுக்கணினி போல் ஆகிவிடும் என்னும் நம்பிக்கை நம் பெற்றோர் பலரிடமும் ஆசிரியர் சிலரிடமும் வேரூன்றி இருக்கின்றது. பெரும்பாலான வேளைகளில் இந்நம்பிக்கை தவறானது என்பதும், அதற்காகச் செலவிடப்படும் பணம் வீண் என்பதுமே என் கருத்தாகும். இதைவிடக் கவலைக்குரிய செய்தியும் ஒன்றுண்டு. நுண்செயலியை மாற்றிய பின்னர்க் கணினி முன்பைக் காட்டிலும் மந்தமாகிவிடுவதும் நடக்கின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, நம் பிள்ளைகளின் வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய குடும்பங்களை நாம் அறிவோம். அக்காலத்தில் பழைய மடிக்கணினிகள் பல நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆகவே, இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்குச் சிக்கலன்று. ஏழைப் பெற்றோரின் பணத்தோடும் பிள்ளைகளின் கல்வியோடும் தொடர்புடைய சிக்கலாகும்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவரின் அனுபவத்தை எடுத்துக்காட்டாகத் தருகின்றேன். அவர் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவரிடம் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த மடிக்கணினி ஒன்று இருந்தது. கடைக்காரர் ஒருவரின் அறிவுரைப்படி, அதிலிருந்த கோர் ஐ3 நுண்செயலியை எடுத்துவிட்டுக் கோர் ஐ7 நுண்செயலியைப் பொருத்தினார். மிகைநேர வேலையில் ஈட்டிய பணம் அதற்குச் செலவானது. ஐந்தாம் ஆண்டில் பயிலும் அவர் மகள் கணினியைத் திறந்தால், அது தொடங்க முன்போலவே ஐந்து நிமிடம் ஆனது. அரைமணி நேரம் பயன்படுத்தியதும் விசைப்பலகை சூடேறி, தட்டச்சு செய்த எழுத்துகூடத் தாமதித்தே திரையில் தோன்றியது.

காரணம் என்ன? முதலாவது, வெப்பம். அந்த ஐ3 நுண்செயலி 35 வாட் வெப்பத்தைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. நான்கு கருக்களைக் கொண்ட ஐ7 நுண்செயலியோ 45 வாட் அளவினது. மடிக்கணினியின் செப்புக்குழாயும் சிறு விசிறியும் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் படிந்த தூசும் காய்ந்துபோன வெப்பப்பசையும் சேர்ந்துகொண்டால் சொல்லவேண்டியதில்லை. நுண்செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது.

இரண்டாவது, மின்சாரம். 65 வாட் மின்னேற்றியோடு வந்த கணினிக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும் நுண்செயலியைப் பொருத்தினால், அந்த மின்னேற்றி போதாமற் போகலாம். சில மடிக்கணினிகள், மின்னேற்றி போதுமானதன்று என்றோ மின்கலம் பழுதடைந்துவிட்டது என்றோ உணர்ந்தவுடன் நுண்செயலியை மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்திவிடுகின்றன. 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடவேண்டிய நுண்செயலி 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே தேங்கி நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள்.

மூன்றாவது, பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருள். புதிய நுண்செயலியை அது அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால், வேகக் கட்டுப்பாடு சரியாக நிகழாது. சில கணினிகள் தொடங்கவே தொடங்கா.

நான்காவது காரணமே தலையாயது. தொடக்கத்திலிருந்தே குறை நுண்செயலியில் இல்லாமல் இருக்கலாம். பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறுசிறு கோப்புகளைத் தேடிப் படிக்கும் பணியை அது நொடிக்கு நூறு முறை செய்வதே அரிது. சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகமோ அதே பணியை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். 4 கிகாபைட் நினைவகம் நிறைந்துவிட்டால், கணினி அந்த வன்தட்டையே நினைவகமாகவும் பயன்படுத்தத் தொடங்குகின்றது. அவ்வேளையில் எத்துணைத் திறன்மிக்க நுண்செயலியாயினும் வன்தட்டின் வருகைக்காகக் கைகட்டிக் காத்திருக்கவே வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் இதனை எளிதில் உணரலாம். வாசிக்கத் திணறும் மாணவனை நாம் எடுத்த எடுப்பிலேயே குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிவிடுவதில்லை. முதலில் குறையறி சோதனை நடத்துகின்றோம். எழுத்தை அறியவில்லையா, எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியவில்லையா, கண்பார்வையில் குறையா என்று பார்க்கின்றோம். மூக்குக்கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குப் பயிற்சி நூல்களை அடுக்கிக் கொடுத்து யாது பயன்? கணினிக்கும் இதுவே பொருந்தும்.

கணினிக்கான குறையறி சோதனைக்குப் பணம் வேண்டா. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் வேளையில் அதனைப் பாருங்கள். வன்தட்டு 100 விழுக்காட்டிலேயே நின்றால், குறை வன்தட்டில். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், நினைவகம் போதவில்லை. நுண்செயலியின் பயன்பாடு மட்டும் 100 விழுக்காட்டில் இருந்து, வேகமும் குறையாதிருந்தால்தான் நுண்செயலியைக் குறைகூறலாம். அதன் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் போன்ற அளவுக்கு விழுந்து எழாமல் இருந்தால், வெப்பத்தையும் மின்னேற்றியையும் மின்கலத்தையும் மின்சேமிப்பு அமைப்பையும் ஆராய வேண்டும்.

மேற்சொன்ன பெற்றோரின் கணினியில் வன்தட்டு ஓயாமல் 100 விழுக்காட்டில் நின்றது; சூடேறியதும் நுண்செயலியின் வேகம் சரிந்தது. விசிறியைத் துப்புரவு செய்து, வெப்பப்பசையைப் புதிதாக இட்டு, பழைய ஐ3 நுண்செயலியையே மீண்டும் பொருத்தினோம். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யை வைத்து, நினைவகத்தை 8 கிகாபைட்டாக உயர்த்தினோம். கணினி ஒரு நிமிடத்திற்குள் தொடங்கியது. ஐ7 நுண்செயலிக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

நுண்செயலியை மாற்றுவதே கூடாது என்று நான் கூறவில்லை. காணொளித் தொகுப்பு போன்ற பணிகளைச் செய்வோர்க்கு, வெப்பத்தைத் தாங்கும் அமைப்பும் ஏற்ற பயோசும் இருந்தால் அதனால் பயனுண்டு. ஆனால், நம் பிள்ளைகள் செய்வது இணைய வகுப்பும் தட்டச்சும் புதிர்ப்பயிற்சியுமே. மேலும், அண்மை ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் நுண்செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதனைக் கழற்றி மாற்ற இயலாது.

இன்னொரு செய்தியையும் கவனத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 இயங்குதளமோ, இன்டெல் நுண்செயலிகளில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே முறைப்படி ஏற்கின்றது. 2ஆம் தலைமுறை ஐ3 நுண்செயலிக்குப் பதிலாக 2ஆம் தலைமுறை ஐ7 நுண்செயலியைப் பொருத்துவதால் இத்தடை நீங்காது. அத்தகைய பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளம் நல்ல மாற்றுவழியாகும். இணைய உலாவியில் செய்யும் பள்ளிப்பாடங்களுக்கு அது போதுமானது.

பெற்றோர்களே, 'ஐ7' என்னும் ஒட்டுவில்லையைக் கண்டு மயங்காதீர்கள். பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். "எந்தப் பாகம் என் கணினியைத் தாமதப்படுத்துகின்றது? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" விடை கூற இயலாதவரிடம் கணினியை ஒப்படைக்காதீர்கள்.

ஆசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இச்சோதனையைச் செய்து காட்டுங்கள். நன்கொடைப் பணத்தில் பள்ளிக் கணினிகளைப் பழுதுபார்க்கும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். தவறான பாகத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளையின் நூலுக்கோ பேருந்துக் கட்டணத்திற்கோ போயிருக்க வேண்டிய பணமாகும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.