புல்மோட்டை மணலும் கட்டைபறிச்சான் மைந்தரும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்து, வயலும் களப்பும் சூழக் கிடக்கின்றது கட்டைபறிச்சான் என்னும் சிற்றூர். உழவும் மாடும் மீனும் அவ்வூரின் வாழ்வு. 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வட்டாரம் முழுவதும் இடம்பெயர்ந்தது. சம்பூர் மக்கள் தம் சொந்த மண்ணுக்குத் திரும்பவியலாது கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் இதே கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை யாரறியார்? அத்தகைய ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு விஞ்ஞான ஆராய்ச்சியைப் பற்றியும் உயர்தொழில்நுட்பக் கைத்தொழிலைப் பற்றியும் நாம் எழுத முற்படுவதைக் கண்டு சிலர் நகைக்கலாம். “முதலில் வாய்க்காலைத் திருத்துங்கள், பிறகு விஞ்ஞானம் பேசலாம்” என்பார் அவர். வாய்க்காலும் திருத்தப்பட வேண்டியதே. ஆனால் வாய்க்காலைக் காட்டியே எழுபது ஆண்டுகளாக நம்மை மற்றொன்றைக் கேளாதிருக்கச் செய்துவிட்டனர் என்பதுதான் நாம் இன்று சொல்ல வந்தது.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் கருமணல் கிடக்கின்றது. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் அதைக் கொணர்ந்து கரையிலே குவிக்கின்றன. அதில் பெரும்பகுதி இல்மனைற்று. எஞ்சியதில் றூற்றைலும் சேர்க்கோனும் உண்டு. மிகச் சிறிதளவில் மொனசைற்றும் உண்டு. இத்துணை கனிமங்கள் ஒரே கரையில் செறிந்து கிடப்பது உலகிற் பல நாடுகளுக்கு வாய்க்காத பேறு. 1957இல் இதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. அறுபதுகளின் தொடக்கம் முதல் கப்பல் கப்பலாக மணல் ஏற்றப்பட்டு வருகின்றது. போர்க்காலத்தில் அந்த ஏற்றுமதி தடைப்பட்டது. 1997 செப்டெம்பரில் மணலேற்ற வந்த கோர்டியாலிற்றி என்ற கப்பல் புல்மோட்டைக்கு அப்பால் தாக்குண்டது. போர் ஓய்ந்ததும் மணல் மீண்டும் புறப்பட்டது. அன்று புறப்பட்ட உருவிலேயே இன்றும் புறப்படுகின்றது.

அங்கே ஆலை இல்லையா என்று கேட்பீர். உண்டு. அந்த ஆலை செய்வது என்ன? காந்தத்தால் இழுபடும் இல்மனைற்றை வேறாக்குகின்றது. மின்னைக் கடத்தும் றூற்றைலையும் கடத்தாத சேர்க்கோனையும் மின்னேற்றத்தாற் பிரிக்கின்றது. அரிசியிலிருந்து உமியையும் கல்லையும் புடைத்தெடுக்கும் சுளகின் வேலை அது. புடைத்த அரிசியைச் சோறாக்கும் அடுப்பு நம் மாகாணத்தில் இல்லை. இந்நாட்டில் எங்குமே இல்லை. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடிதான் வீட்டுச் சுவரின் வெள்ளை வர்ணத்திலும் கடதாசியிலும் பற்பசையிலும் கலந்து உலகெங்கும் விலையாகின்றது. அதற்கும் அப்பால் சென்று உலோகமாக்கினால் விமானத்தின் உறுப்பாகின்றது. முறிந்த எலும்புக்குத் துணைநிற்கும் தகடாகின்றது. மணலாக விற்றவன் பெற்ற விலைக்கும், வெண்பொடியாகவும் உலோகமாகவும் விற்றவன் பெற்ற விலைக்கும் இடையிலுள்ள தூரம் பல மடங்கு. அந்தத் தூரத்துக்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

இந்த விஞ்ஞானம் நமக்கு எட்டாக் கனியா? இல்லை என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி கலையறிஞராக உலகறிந்தவர். ஆனால் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பகுதிக்கு முதற் பணிப்பாளராக இருந்து காடு மேடெல்லாம் அலைந்தவர் அவர் என்பதையும், தோரியனைற்று என்னும் புதுக் கனிமத்தை 1904இல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர் என்பதையும் எத்தனை பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கின்றார்கள்? இந்த மண்ணின் கல்லையும் மணலையும் அறியும் ஆய்வை நம்மவர் ஒருவரே தொடங்கிவைத்து நூற்றிருபது ஆண்டுகளாகின்றன.

அண்மைக் காலத்துக்கு வருவோம். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துகள் படலத்திற் சாயமேற்றி வெயிலை மின்சாரமாக்கும் கலத்தை 1991இல் சுவிற்சலாந்திலே கிறேற்செல் என்பாரும் ஓரீகன் என்பாரும் வெளியிட்டனர். அந்தக் கலத்தில் திரவம் இருந்தது. திரவம் கசியும், உலரும். திரவத்தை நீக்கித் திண்மமாகவே அக்கலத்தை அமைத்துக் காட்டியவர்களுள் முன்னணியில் நின்றோர் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோன் தலைமையில் உழைத்த ஆய்வாளர்கள். ஆண்டு 1995. உலகெங்கும் அத்துறையில் உழைப்போர் அந்தக் கட்டுரையை அறிவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையினரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டை வைத்துச் சூரியக் கலங்களை ஆராய்ந்து வருகின்றனர். ஹோமாகமவில், அரசும் தனியார் நிறுவனங்களும் கூட்டாக 2008இல் தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவகம் இயங்குகின்றது.

மணல் புல்மோட்டையில், அறிவு கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஹோமாகமவிலும், வெயிலோ சம்பூரில். இம்மூன்றும் சந்திக்கும் இடம் எது? சந்திக்கவில்லை என்பதுதான் விடை. ஆய்வாளர் எழுதிய கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போகின்றது. மணல் வெளிநாட்டுக் கப்பலில் போகின்றது. கட்டைபறிச்சானிலும் சேனையூரிலும் விளக்கெரித்துப் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை வெளிநாட்டு விமானத்தில் போகின்றான். மூன்றும் ஒரே திசையிற் போவது தற்செயலன்று. (இதில் நாமும் குற்றமற்றவர்களல்லர். பிள்ளை மருத்துவனானால் ஊர்கூடி மாலையிடுகின்றோம், இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்யப் போகின்றேன் என்றால் “அதனால் உனக்கென்ன பயன்?” என்று கேட்கின்றோம்.)

ஆராய்ச்சி நம் ஊரை வந்தடையவே அடையாது என்று சோர்வோருக்கு ஒன்று சொல்வோம். பத்தலகொட நெல்லாராய்ச்சி நிலையம் எச்-4 என்னும் நெல்லினத்தை வெளியிட்டது 1958இல். அந்த ஆய்வுக்கூடத்தில் உருவான விதைகள் இந்நாட்டு வயல்களின் முகத்தையே மாற்றின. அது எப்படி நேர்ந்தது? ஆராய்ந்தவனுக்கும் உழுபவனுக்கும் இடையே விதைப்பண்ணை இருந்தது. விவசாயப் போதனாசிரியர் இருந்தார். விதையை வாங்கிச் சென்று விதைத்துப் பார்க்கத் துணிந்த கமக்காரன் இருந்தான். கனிமத்தில் அந்த இடைப்பாலம் கட்டப்படவேயில்லை. ஆய்வுகூடத்தின் கண்ணாடிக் குவளைக்கும் பேராலைக்கும் நடுவே நிற்கவேண்டியது பரீட்சார்த்த ஆலை. குவளையில் வென்ற முறை அண்டாவில் வெல்லுமா என்று பார்க்கும் இடம் அது. அதற்குப் பணம் செலவாகும். பல முறை தோற்கும். தோற்றதைக் கணக்கிலெழுதிப் பொறுத்துக்கொள்ளும் ஆட்சி வேண்டும். அந்தப் பொறுமைதான் கொழும்பில் கிடைப்பதில்லை.

கடலுக்கு அப்பால் பாருங்கள். திருவிதாங்கூர்க் கரையிலும் இதே மணல்தான். அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டுதான் செர்மானிய இரசாயனி ஒருவர் 1909இல் மணவாளக்குறிச்சியில் மொனசைற்று இருப்பதை அறிந்தார் என்பர். மணலை அப்படியே ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த அந்நாட்டார் விழித்துக்கொண்டனர். 1946இல் திருவனந்தபுரத்தில் தைத்தேனியத் தொழிற்கம்பனி நிறுவப்பட்டது. கொல்லம் மாவட்டத்துச் சவறாவில் கேரள அரசின் ஆலை எண்பதுகளில் வெண்பொடியைச் செய்யத் தொடங்கியது. அத்தோடும் அவர்கள் நிற்கவில்லை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடம் பல்லாண்டு உழைத்துக் கண்ட முறையைக் கொண்டு, விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொருளுதவியோடு, ஆண்டுக்கு 500 தொன் தைத்தேனிய உலோகத்தைப் பஞ்சு வடிவிற் செய்யும் ஆலை அதே சவறாவில் 2011இல் எழுந்தது. கரையிற் கிடந்த மணல், அந்நாட்டார் கண்ட முறையால், அந்நாட்டார் செலுத்தும் ஏவூர்திக்குப் பயன்படும் உலோகமாயிற்று. முதல் ஆலைக்கும் இந்த ஆலைக்கும் இடையே அறுபதாண்டுக்கு மேல். ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையில் முடிகின்ற காரியமன்று இது.

ஆயினும் சவறாவை நாம் கண்மூடிப் புகழமாட்டோம். அந்த ஆலையைச் சூழ்ந்த ஊர்களில் நிலமும் கிணறும் அமிலத்தாற் கெட்டன என்று மக்கள் நெடுநாள் போராடினர். 2018இலும் 2019இலும் ஆலப்பாட்டு மக்கள் தங்கள் ஊரையே மணலகழ்வு தின்றுவிட்டதென்று திரண்டெழுந்தனர். கந்தகவமிலத்தைக் கொண்டு இல்மனைற்றைக் கரைத்தால், வெண்பொடியோடு இரும்புச்சல்பேற்றும் கழிவமிலமும் மலையாகச் சேரும். மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவில் அந்தக் கழிவு ஒரு துளி விழுந்தாலும், களப்பில் வலைவீசி வாழும் குடும்பத்தின் அடுப்பு அணையும். ஆகவே ஆராய்ச்சி வேண்டும் என்று நாம் கேட்பதன் முதற் பொருள் இதுதான்: கழிவை எப்படி அடக்குவது, அமிலத்தை எப்படி மீட்டெடுப்பது, அகழ்ந்த கரையை எப்படி மூடுவது என்பவற்றை நம் நிலத்தில், நம் நீரில், நம் பிள்ளைகள் ஆராய்ந்து விடை கண்ட பின்னரே ஆலை எழலாம். விடை கிடைக்காவிட்டால் ஆலை வேண்டாம். மணல் கரையிலேயே கிடக்கட்டும். அது அழுகிப்போகும் பண்டமன்று.

இனிச் சம்பூருக்கு வருவோம். 2006இல் இந்தியாவுடன் உடன்பட்ட நிலக்கரி அனல்மின் நிலையம் பத்தாண்டு பேசப்பட்டு 2016இற் கைவிடப்பட்டது. கனரகக் கைத்தொழில் வலயம் என்று ஒதுக்கிய 818 ஏக்கர், மக்களின் காணி என்று மன்றாடிய பின் 2015இல் விடுவிக்கப்பட்டது. இப்போது சூரியமின் நிலையம். 120 மெகாவாற்று ஆற்றலுடைய அத்திட்டத்தை 2025 ஏப்ரல் 5இல் இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் கொழும்பிலிருந்தவாறே தொடக்கிவைத்தனர். நிலக்கரிப் புகையைவிட வெயில் ஆயிரம் மடங்கு மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. இத்திட்டத்தை நாம் எதிர்க்கவுமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கின்றோம். வேலிக்குள்ளே கண்ணாடித் தகடுகள் வரிசையாக நிற்கும். வெளிநாட்டில் செய்த தகடு. வெளியூரார் பூட்டிய தகடு. வேலிக்கு வெளியே மாடு மேய்க்கும் பிள்ளைக்கு அதனால் வருவது என்ன? காவலாளி வேலை ஒன்று, புல்வெட்டும் வேலை இரண்டு. இதற்கா ஊரின் வெயிலைக் கொடுக்கின்றோம்?

றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமியை மூதூர் மக்கள் நன்கறிவர். பாய்மரம் ஒடிந்த கப்பலோடு கொட்டியாரத்துக்கு வந்து 1660இற் சிறைப்பட்டவர் அவர். தப்பியோடி 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை நூலுக்கு முன்னுரை வரைந்தவர் றொபேட் ஊக் என்னும் பெரும் விஞ்ஞானி. கைதியாக வந்தவன் கண்டதையும் அறிவாக்கிச் சேர்த்துவைக்கும் ஒரு சமூகம் அன்றே அங்கிருந்தது. நம் கரையில் நாள்தோறும் நடப்பதை அறிவாக்கிச் சேர்த்துவைக்க இன்றும் நமக்கு ஒரு கூடமில்லை.

கூடத்துக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் கற்பிக்கின்றார்கள். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அது அமைந்த இடத்துக்கு அறிவியல் நகர் என்றே பெயர். இவ்விரண்டையும் புல்மோட்டையோடும் சம்பூரோடும் இணைக்கும் கனிம, சூரியசக்தி ஆய்வு நிலையம் ஒன்று மூதூர்ப் பகுதியில் எழவேண்டும் என்பது நமது கோரிக்கை. மணல் விற்ற வருவாயில் ஒரு பங்கு சட்டப்படி அதற்குச் சேரவேண்டும். அதன் ஆளுங்குழுவில் மீனவர் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் இடம் வேண்டும்; கழிவுநீர்ச் சோதனையின் பெறுபேறு மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ச்சந்தியில் ஒட்டப்பட வேண்டும். தாய்வான் தீவு 1973இல் கைத்தொழிலாராய்ச்சி நிறுவகத்தைத் தொடங்கி, 1980இல் சிஞ்சு விஞ்ஞானப் பூங்காவை அமைத்தபோது அதுவும் வல்லரசன்று. வெளிநாடு சென்ற தன் பிள்ளைகளைத் திருப்பியழைக்க அது முதலில் அவர்களுக்கு வேலை செய்யும் மேசையைக் கொடுத்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள நம் பொறியியலாளரை ஊர்த் திருவிழாவுக்கு அழைக்கின்றோம். அவர்களுக்கு இங்கே ஒரு மேசை உண்டா?

வரவுசெலவுத் திட்ட விவாதம் வரும்போது திருகோணமலை மாவட்டப் பிரதிநிதிகள், எக்கட்சியினராயினும், எம்மொழியினராயினும், எம்மதத்தினராயினும், கைத்தொழில் அமைச்சரை எழுந்து கேட்கட்டும்: கடந்த பத்தாண்டில் புல்மோட்டையிலிருந்து எத்தனை தொன் மணல், என்ன விலைக்கு, எவருக்கு விற்கப்பட்டது? அதில் ஆராய்ச்சிக்கென எத்தனை ரூபா செலவிடப்பட்டது? அந்த ரூபாவில் கிழக்கு மாகாணத்துக்குள் செலவானது எவ்வளவு? மூன்று எண்களையும் இப்பத்திரிகையில் அருகருகே அச்சிட இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.