உயிர்வாயு அளவுக்கு மீறினால் நுரையீரலுக்கு என்ன ஆகும்?

2021இல் கிருமிப்பரவல் காலத்தில் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வழங்கியது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் உயிர்வாயு எத்தனை விழுக்காடு என்று காட்டும் சின்னக் கருவி. அதோடு ஓர் எண்ணமும் வீடுகளுக்குள் வந்துவிட்டது: எண் ஏறஏற நல்லது.

வீட்டில் உயிர்வாயு இயந்திரம் வைத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் அந்த எண்ணம் ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். "பாட்டிக்கு 91தான் காட்டுது, கொஞ்சம் கூட்டி வைங்களேன்" என்று யாராவது சொல்ல, குமிழைத் திருகுவது ஒரு நொடி வேலை. ஆனால் அது மருத்துவரைக் கேட்காமல் மருந்தின் அளவை மாற்றுவதுதான்.

முதல் அடி யாருக்கு?

நாம் சுவாசிக்கும் காற்றில் உயிர்வாயு சுமார் 21 விழுக்காடு. நுரையீரலின் காற்றுப்பைகளைச் சுற்றி மெல்லிய ரத்த நுண்குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. வாயு எளிதில் கடக்க அது மெல்லியதாகத்தான் இருக்கவேண்டும். சிக்கலும் அங்கேதான்.

அளவுக்கு மீறிய உயிர்வாயு மணிக்கணக்கில் உள்ளே போகும்போது, நுண்குழாய்களின் உட்புற உயிரணுக்களில் கட்டுக்கடங்காத மூலக்கூறுகள் உருவாகின்றன. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் உயிர்வாயுதானே. ஏறக்குறைய அதே வேலை. உடலிடம் இதைச் சமாளிக்கும் நொதிகள் உண்டு. ஆனால் அவற்றால் ஓரளவுக்குத்தான் ஈடுகொடுக்க முடியும். பிறகு உயிரணுக்கள் வீங்கி, அவற்றுக்கு இடையே உள்ள பிணைப்பு தளர்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து காற்றுப்பைகளுக்குள் இறங்குகிறது. மூச்சுத்திணறலைப் போக்கக் கொடுத்ததே மூச்சுத்திணறலைக் கொண்டுவருகிறது.

தூய உயிர்வாயுவில் வைக்கப்பட்ட எலிகள் சுமார் 3 நாளில் இறந்துபோவது ஆய்வுக்கூடங்களில் பலமுறை பார்த்த ஒன்று. அவற்றின் நுரையீரலில் முதலில் சிதைவது இந்த நுண்குழாய்ச் சுவர்தான். மனிதர்கள் இன்னும் கொஞ்சம் தாங்குவார்கள். அமெரிக்காவில் 1945இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்கள் 24 மணி நேரம் தூய உயிர்வாயுவைச் சுவாசித்தார்கள். பெரும்பாலோருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் வலி வந்தது. 50 விழுக்காடு உயிர்வாயு பெற்றவர்களுக்கு அந்த வலி இல்லை. அளவும் நேரமும்தான் கணக்கு.

மீட்டர் சொல்லாத சங்கதி

ஆக்சிமீட்டரில் 100க்கு மேல் எண் கிடையாது. ரத்தச் சிவப்பணுக்கள் நிரம்பிவிட்டால் அது 100 காட்டும், அவ்வளவுதான். நுரையீரலுக்குள் போவது 40 விழுக்காடா, 90 விழுக்காடா என்பது அதற்குத் தெரியாது. குறைந்தால் எச்சரிக்கும் கருவி, கூடினால் வாய் திறக்காது. அதனால்தான் பல மருத்துவ வழிகாட்டிகள் பெரும்பாலான நோயாளிகளுக்கு 94 முதல் 98 வரை போதும் என்கின்றன.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலருக்கு இலக்கு இன்னும் குறைவு: 88 முதல் 92. மேலே சொன்ன பாட்டிக்கு அந்த நோய் இருந்தால் 91 என்பது சரியான எண். அங்கே குமிழைக் கூட்டினால் உடலில் கரியமில வாயு தேங்கி, தூக்கக் கலக்கம், குழப்பம், நினைவிழப்பு வரை போகலாம். வீட்டு இயந்திரத்தில் மூக்குக் குழாய் வழியாகக் கிடைப்பது தூய உயிர்வாயு அல்ல, அறைக் காற்றும் கலந்துதான் உள்ளே போகிறது. ஆகவே வீட்டில் நுண்குழாய்ச் சிதைவைவிட இந்தக் கரியமில வாயுத் தேக்கம்தான் பக்கத்தில் இருக்கும் ஆபத்து. நுண்குழாய்ச் சிதைவு பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கவலை.

அங்கேயும் கருத்து ஒன்றாக இல்லை. 16,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, தாராளமாக உயிர்வாயு பெற்றவர்களிடையே மரணம் கூடுதல் என்றது. பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சில பெரிய சோதனைகளில் அப்படி ஒரு வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் தேவைக்கு மேல் கொடுத்ததால் நோயாளிகளுக்கு நன்மை என்று அவையும் சொல்லவில்லை.

குறைமாதக் குழந்தைகளிடம் எல்லை இன்னும் குறுகல். அவர்களின் நுரையீரல் ரத்தக்குழாய்கள் அப்போதுதான் கிளைவிடுகின்றன. மிகையான உயிர்வாயு அந்த வளர்ச்சியையே தடுக்கக்கூடும். அதனால்தான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தாதியர் அந்த எண் மேலே போனாலும் உடனே வந்து அளவைக் குறைக்கிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு யாரும் குழாயைக் கழற்றிவிடக் கூடாது. உயிர்வாயு குறைந்தால் நிமிடங்களில் ஆபத்து. கூடினால் வரும் பாதிப்புக்குப் பெரும்பாலும் மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த எண் முதல் எந்த எண் வரை சரி என்று மருத்துவரிடம் கேட்டு, இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

இன்னொன்று. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு ஆக்சிமீட்டர் சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். நம்மில் பலருக்கும் இது பொருந்தும். உதடு நீலம் பாரித்து, பேச்சு முடிக்க முடியாமல் மூச்சிரைத்தால், எண் 95 காட்டினாலும் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.