கடுகின் காரமும் நமது குறிப்புகளும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரே மூட்டையிலிருந்து அளந்து வாங்கப்படும் கடுகு, அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இரண்டு வேறு பொருள்களாகிவிடுகிறது. தமிழர் இல்லத்தில் அது காய்ந்த எண்ணெயில் வெடித்து, ரசத்தின் மேல் மணமாக மிதக்கிறது. மலையாளிகளின் இல்லத்திலும் தாளிதம் உண்டு. அதனைக் ‘கடுகு வறுத்தல்’ என்றே சொல்வர். ஆனால் ஓண விருந்துக்குரிய வெள்ளரிக்காய்ப் பச்சடியில் பச்சைக் கடுகையும் தேங்காயுடன் சதைத்துச் சேர்ப்பார்கள். முன்னதில் மணமே மிகுதி. பின்னதில் மூக்கைத் தொடும் காரம் உண்டு.

இவ்வேறுபாட்டை நான் பல்லாண்டுகள் கவனித்ததில்லை. ‘கடுகு காரமுடையது’ என்று எத்தனையோ குறிப்புகளில் மொழிபெயர்த்து வந்தேன். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் பச்சடிக்குக் கடுகு சதைக்கையில், “கொதிக்கும்போது போட்டால் வீறு போய்விடும், மையாக அரைத்தாலோ கசக்கும்” என்று சொன்ன பிறகே, என் வாக்கியம் அரைகுறையானது என்பது விளங்கிற்று.

விஞ்ஞானம் கூறுவதும் ஏறத்தாழ அதுவே. உலர்ந்த முழுக் கடுகில் அந்தக் காரம் இல்லை. சினிகிரின் என்னும் பொருளும் மைரோசினேஸ் என்னும் நொதியும் விதைக்குள் தனித்தனியே இருக்கின்றன. விதை நசுங்கி நீர் பட்டதும் இரண்டும் கூடி, அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் காரமான, எளிதில் ஆவியாகும் எண்ணெய் உண்டாகிறது. பிரெஞ்சு வேதியியலார் புஸ்ஸி 1840ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். கொதிநீரும் காய்ந்த எண்ணெயும் அந்த நொதியைச் செயலறச் செய்துவிடுகின்றன.

ஆகவே, கடுகின் பயன்களை வரிசையாக அடுக்கும் கட்டுரைகளின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பசியைத் தூண்டும், கபத்தை நீக்கும், மூட்டுவலிக்குப் பற்றிடலாம் என்று எழுதிச் செல்கிறோம். எந்தக் கடுகு? வறுத்ததா, அரைத்ததா? எந்த நீரில், எவ்வளவு நேரம்? (கண்ணேறு கழிக்க அடுப்பிலிடும் கடுகைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.) பற்றுக்கு வெதுவெதுப்பான நீரில் குழைத்த கடுகுதான் வேலை செய்யும். அது தோலைச் சிவக்கச் செய்து, அந்த எரிச்சலில் உள்வலியைச் சற்று மறக்கச் செய்கிறது. மூட்டின் நோயைத் தீர்ப்பதில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் விட்டு வைத்தால் கொப்புளம் எழும். குழந்தைகளின் தோலுக்கு அது ஆகவே ஆகாது. இத்தனையும் எழுத இடமில்லையென்றால் பற்றைப் பற்றி எழுதாமலே விடுவது மேல் என்பது என் கருத்து.

இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. விஷம் அருந்தியவருக்குக் கடுகுப் பொடி கரைத்த நீரைக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்க என்று பழைய முதலுதவி நூல்கள் கூறின. நானும் அவ்வரியை ஒரு சிறு வெளியீட்டுக்காக யோசனையின்றித் தமிழாக்கியிருக்கிறேன். நடை நன்றாக இருக்கிறதென்று பாராட்டும் பெற்றேன்! இன்றைய மருத்துவம் அம்முறையைக் கைவிட்டுவிட்டது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தை வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் புகக்கூடும். காஸ்டிக் சோடா ஏறிவரும் வழியில் தொண்டையை மீண்டும் அரிக்கும். நினைவிழந்தவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சடைக்கும். பூச்சிமருந்து புழங்கும் ஊர்களில் பணிபுரியும் அன்பர்கள் அந்தப் பழைய வரியை எங்கே கண்டாலும் அடித்துவிட வேண்டும். நோயாளியையும், அவர் அருந்திய மருந்தின் புட்டியையும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம், செலவு சிறிது. புதிதாகப் பொடித்த கடுகை இரண்டு கிண்ணங்களில் இட்டு, ஒன்றில் குளிர்ந்த நீரும் மற்றொன்றில் கொதிநீரும் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வைக்கவும். பிறகு மாணவர்களைச் சற்றுத் தள்ளி நின்று முகரச் சொல்லவும். கண்ணருகே கொண்டு போக விடக்கூடாது. கிண்ணத்தைத் தொட்ட கையை உடனே கழுவச் செய்க.