கழுத்துவலி தலைவிதியல்ல

ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் நம் பெண்களின் கழுத்துவலி, லயத்துக்கும் கூடவே வருகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடுகிறது.

எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் சுளுக்கெடுப்பதாகச் சொல்லி எவரும் கழுத்தை வெடுக்கெனத் திருப்ப இடம்கொடுக்காதீர்கள். இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரலாம். 1895இல் அமெரிக்காவில் தோன்றிய கைரோபிராக்டிக் சிகிச்சையிலும் இந்த அபாயம் அரிதாக உண்டு. கை மரத்துப்போனாலோ பலமிழந்தாலோ உடனே மாத்தளை ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியம் இலவசம்.

மூலகாரணம் சுமைதான். ஒரு நாளில் கூடுதல் தடவை கொழுந்து நிறுத்தால் கூடை கனக்காது. இதை ஒவ்வொரு தோட்ட நிர்வாகத்திடமும் கேட்போம். தோட்டக் கமிட்டிகளில் பேசுங்கள், பெண்கள் முன்னிற்கட்டும்.