ஸ்ட்ரைக்கும் ஒரு பூனைக்குட்டியும்

நேத்து சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பொன்மலை பஸ்ஸுக்கு நின்னுகிட்டிருந்தப்போ நண்பர் ஒருத்தர் கேட்டார்: "ஐசன்ஸ்டைன் படத்துல பூனைக்குட்டி எதுக்குய்யா? நீளத்துக்கா?"

1925-இல் வந்த 'ஸ்ட்ரைக்' படத்தைச் சொல்றார். 1903-இல் நடக்கிற கதை. மைக்ரோமீட்டரைத் திருடினதா பழி சுமத்தப்பட்ட தொழிலாளி ஒருத்தர் தூக்கு மாட்டிக்கிறார், ஆலை நின்னுடுது. அடுத்து பார்த்தா வாத்துக்குஞ்சு, பூனைக்குட்டி, பன்னிக்குட்டி! கொஞ்ச நேரம்தான்.

எல்லாரும் கடைசியில வர்ற மாடு வெட்டுற காட்சியைத்தான் பேசுவாங்க (தொழிலாளிகளைக் கொல்றதோட மாத்தி மாத்தி ஒட்டியிருப்பார்). எனக்கென்னவோ பூனைக்குட்டிதான் பெரிசு. சங்கு ஊதாத காலையிலதான், வீட்டைச் சுத்தி இத்தனை உயிர் இருக்குன்னு அவன் கண்ணுல படுது. ஸ்ட்ரைக்ல முதல்ல கிடைக்கிறது அதுதான். கூலி உயர்வு அப்புறம். அதுக்கும் முன்னாடி பசி வந்துடும். பின்னாடி, காசுக்குக் கலவரம் பண்ண வர்ற கும்பலோட இடத்தைக் காட்டும்போது செத்த பூனைகள் தொங்கும். குட்டியைப் பார்க்காதவனுக்கு அது வெறும் அருவருப்பு.

1946 செப்டம்பர் 5, ரயில்வே ஸ்ட்ரைக்கின்போது பொன்மலையில 5 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதை யாராவது படமா எடுத்தா துப்பாக்கியை எப்படியும் காட்டிடுவாங்க. குவார்ட்டர்ஸ் வாசல்ல வெயில் காயுற பூனையையும் காட்டணும்னேன். நண்பர் ஒத்துக்கலை. அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு, உட்கார இடமில்லை.